கோபமே வராதவனுக்கு பி.பி.யா?

என் அக்கா பையனுக்கு 31 வயது. பழைய மகாபலிபுரம் சாலையில், அண்ணாந்து பார்த்தால் சட்டைப் பையிலிருந்து பேனா விழுந்துவிடும் அளவுக்கு உயரமான கட்டடம் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். என்ன வேலை என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன். மூன்று தடவையும் பொறுமையாக விளக்கினான். புரியாதது என் குற்றம்.

அந்தப் பொறுமைதான் இந்த வார விஷயம். அவனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கூடக் கேட்டால், "சரிங்கண்ணா" என்று கொடுத்துவிட்டு இறங்குவான். ராத்திரி பதினொன்றரைக்கு மேனேஜர் போன் பண்ணி, பண்ணின வேலையை எல்லாம் மறுபடி பண்ணச் சொன்னால், "ஷ்யூர்" என்பான். நானாக இருந்தால் சொல்கிற வார்த்தையை இந்தப் பத்திரிகையில் போட முடியாது.

போன வருஷம் அவன் ஆபீஸிலேயே ஒரு மருத்துவ முகாம் நடத்தினார்கள். எடை, உயரம், சர்க்கரை, பி.பி. எல்லாம் இலவசம். வரிசையில் நின்றிருக்கிறான். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் உட்காருங்க சார்" என்றாராம். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். முதல் தடவை 162/104. இரண்டாவது தடவை 158/102.

அன்றைக்கு ராத்திரி என்னிடம் சொன்னான். நான் பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவன் என்பதால், குடும்பத்தில் பி.பி. இலாகா என்னுடையது.

"மெஷின் சரியில்லை மாமா."

"எப்படிடா தெரியும்?"

"எங்க டீம்ல இருபது பேர் போனோம். அஞ்சு பேருக்கு ஜாஸ்தின்னு காட்டிச்சு. எல்லாரும் முப்பது, முப்பத்தி ரெண்டு வயசு. அஞ்சு பேருக்கு எப்படி பி.பி. இருக்க முடியும்? மெஷின்தான்."

தர்க்கம் பிரமாதமாகத்தான் இருந்தது. அஞ்சு பேரும் சேர்ந்து கான்டீனுக்குப் போய், மெஷினைத் திட்டியபடி மசாலா தோசை சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மத்திய அரசு 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 30 பேருக்கு பி.பி. 140/90-ஐத் தொட்டிருந்தது, அல்லது அதற்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்களில் நூற்றுக்கு 25 பேர். இதில் என் போன்ற பெரிசுகள் நிறைய உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இருபதில் அஞ்சு என்பது மெஷின் ரிப்பேராகித்தான் வர வேண்டிய எண் அல்ல.

"அதெல்லாம் இருக்கட்டும் மாமா, எனக்குத்தான் கோபமே வராதே!" என்றான்.

இங்கேதான் தமிழ் நம்மைக் கவிழ்த்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 'ரத்த அழுத்தம்' என்பது டாக்டர்களும் பாடப் புத்தகமும் சொல்கிற வார்த்தை. ஊரில் அதற்குப் பெயர் ரத்தக் கொதிப்பு. கொதிப்பு என்றதும் மனசில் யார் வருகிறார்? ஈஸி சேரில் உட்கார்ந்து, பெண் காதலித்துவிட்டாள் என்று கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற சினிமா அப்பா. வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறோம். "என் பி.பி.யை ஏத்தாதே" என்றால் கோபமூட்டாதே என்று அர்த்தம். ஆக, பி.பி. என்பது கத்துகிறவர்களுக்கும் கிழவர்களுக்கும் வருவது. அமைதியான இளைஞன் இதில் எந்த வகையிலும் சேர மாட்டான்.

கோபத்தில் பி.பி. ஏறுவது நிஜம்தான். மாடிப்படி ஏறினாலும் ஏறும், ஒன்றுக்கு அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும். ஏறியது சற்று நேரத்தில் இறங்கிவிடும். காரணமே இல்லாமல், ஓய்வாக இருக்கும்போதுகூட இறங்காமல் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் வியாதி. அதற்குக் கொதிக்கவும் தெரியாது, வலிக்கவும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகத்தில் பி.பி. உள்ள 30-லிருந்து 79 வயதுக்காரர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். சிரித்த முகம், வாயில் சிகரெட் ஹோல்டர். 1944 மார்ச்சில் ஒரு இதய டாக்டர் பார்த்தபோது அவருக்கு 186/108. ஊருக்கெல்லாம் "ஜனாதிபதி நலமாக இருக்கிறார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1945 ஏப்ரல் 12-ம் தேதி, தலை பயங்கரமாக வலிக்கிறது என்றவர் சாய்ந்தார். மூளையில் ரத்தக் கசிவு. டாக்டர் வந்து பார்த்தபோது 300/190. வயது 63. அந்தக் காலத்தில் உலகத்தின் பெரிய ஆளுக்கே கொடுக்க உருப்படியான மருந்து இல்லை. நாலு வருஷம் கழித்து, 1949-ல், பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல் நம் ஊர் சர்ப்பகந்தி வேர் பி.பி.யைக் குறைப்பதைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. (உடனே நாட்டு மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். பக்கவிளைவுகள் உண்டு. அதைவிட நல்ல மாத்திரைகள் வந்தாகிவிட்டது.)

ரூஸ்வெல்ட்டை எதற்கு இழுத்தேன் என்றால், எனக்கே ஒரு சிரித்த முகக்காரரைத் தெரியும்.

1994. எனக்கு அப்போது 28 வயது. செக்‌ஷனில் என் பக்கத்து மேஜைக்காரருக்கு 36. அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். மற்ற செக்‌ஷன்களிலிருந்து பெண்கள் எல்லாம் கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுத அவரிடம்தான் கொண்டு வருவார்கள். எங்களுக்கெல்லாம் அதில் கொஞ்சம் பொறாமை. கோபமே வராது. அதிகாரி கத்திவிட்டுப் போனால், "பாவம், வீட்ல ஏதோ பிரச்னை போல" என்பார். நாங்கள் வைத்த பெயர் அமைதிப் புறா.

ஒரு நாள் பல் பிடுங்கப் போனவர் பிடுங்காமலே திரும்பி வந்தார். "பல் வலின்னு போனா கையைப் புடிச்சு பிரஷர் பாக்கறான்யா. 180-ஆம். முதல்ல அதைப் பாத்துட்டு வான்னு அனுப்பிட்டான்" என்று டீ டயத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான். "உங்களுக்கா சார்? எருமை மாட்டு மேல மழை பெஞ்ச மாதிரி உட்கார்ந்திருப்பீங்க, உங்களுக்கா பிரஷர்? வேற டாக்டரைப் பாருங்க" என்றேன். அவரும் சிரித்தார். வேறு பல் டாக்டரைப் பார்த்தார். அந்த டாக்டர் கையைப் பிடிக்கவில்லை, பல்லை மட்டும் பிடுங்கினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்தவர் மூடியைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தார். எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, ஏதோ சொல்ல வந்து சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார். இப்போதும் இருக்கிறார். வலது கை வரவில்லை. பென்ஷன் காகிதத்தில் இடது கையால் கையெழுத்துப் போடுவார், ஒன்றாங்கிளாஸ் பையன் போடுகிற மாதிரி. நான் கூட உட்கார்ந்து, பேப்பர் நகராமல் பிடித்துக்கொள்வேன். அந்த எருமை மாட்டு ஜோக்கை அவர் மறந்திருக்கலாம்.

ஆகவே அக்கா பையன் "மெஷின் சரியில்லை" என்றபோது நான் சிரிக்கவில்லை.

ஆனால் அக்கா இருக்கிறாளே! விஷயம் கேட்டதும் போனில் குரலைத் தாழ்த்தினாள், பக்கத்து வீட்டுக்காரி ஒட்டுக் கேட்கிற மாதிரி.

"யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே. அடுத்த மாசம் பொண்ணு பார்க்கப் போறோம். மாப்பிள்ளைக்கு பி.பி.ன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் மாத்திரை போட்டுக்கலாம். ஆரம்பிச்சா விட முடியாதாமே."

"ஏன்க்கா, நம்ம வீட்ல எனக்கு இருக்கே. அவனுக்கு வந்தா என்ன ஆச்சரியம்?"

"உனக்கு வந்தது உன் ஆபீஸால. எனக்கெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"எப்ப பார்த்தே?"

"பாக்கணுமா? எனக்குத் தெரியாதா?"

அமெரிக்காவில் 1985-86-ல், 18-லிருந்து 30 வயதுக்குள் இருந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 2018-ல் வந்த முடிவு: நாற்பது வயதுக்கு முன்னாலேயே பி.பி. ஏறியவர்களுக்கு, ஏறாதவர்களைவிட, பிற்பாடு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம். கல்யாணம் முடியட்டும் என்று அது காத்துக்கொண்டிருக்காது. இதை அக்காவிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பையனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு என் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் முதலில் அவன் கட்சியில்தான் பேசினார். "மெஷின் தப்பா காட்டறது உண்டு. உன் கை பருமன். சின்னப் பட்டையைச் சுத்தினா ஜாஸ்தியாத்தான் காட்டும்." பையன் என்னைப் பார்த்துப் புன்னகைத்தான். டாக்டர் பெரிய பட்டையை எடுத்தார். அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி, பேசாமல் உட்கார வைத்தார். அரை மணிக்குள் காபியோ சிகரெட்டோ உண்டா என்று கேட்டார். கையை நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் வைத்து அளந்தார்.

156/102. புன்னகை போய்விட்டது.

எங்களை வீட்டுக்கு அனுப்பி, ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அளந்து எழுதிவரச் சொன்னார். ஆஸ்பத்திரியைக் கண்டாலே ஏறுகிறவர்கள் உண்டாம். ஆஸ்பத்திரியில் சாதுவாக இருந்துவிட்டு ஆபீஸில் ஏறுகிற ஆட்களும் உண்டாம். வீட்டில் அளந்தால் 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும். இவனுடைய ஒரு வாரச் சராசரி 151/97.

அப்போதுதான் பையன் முதல் தடவையாக, "இந்த நம்பர் நிஜமா என்ன மாமா?" என்று கேட்டான். கம்ப்யூட்டர்காரனுக்கு நம்பர் என்றால் மரியாதை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்று ஒரு இங்கிலாந்துப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைக் கட்டிப் படுக்க வைத்து, அதன் தமனியில் நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்து 1733-ல் புத்தகம் போட்டார். 8 அடி 3 அங்குலம். (குதிரையின் சம்மதம் பற்றித் தகவல் இல்லை.) நமக்கு அவ்வளவு நீளக் குழாய் கட்டாது என்பதால் பாதரசத்தில் அளந்தார்கள். 120 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசம். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். ஆக, 120 என்பது தண்ணீர்க் கணக்கில் அஞ்சேகால் அடிக்கு மேல். உன் 162 ஏழடியைத் தாண்டுகிறது. நீ அஞ்சடி எட்டு. உன் தலைக்கு மேலே ஒரு அடிக்கும் அதிகமாக, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை உன் இதயம் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறது. குழாய் எத்தனை வருஷம் தாங்கும்? ஓவர்ஹெட் டேங்க் குழாய் வெடித்தால் பிளம்பரைக் கூப்பிடலாம். மூளையிலும் சிறுநீரகத்திலும் இருப்பது நூல் மாதிரிக் குழாய்.

சின்ன வயசில் பி.பி. வந்தால் வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். சிறுநீரகம், அதன் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, தைராய்டு. ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்தோம். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு டாக்டர் விசாரணையை ஆரம்பித்தார், பாருங்கள், போலீஸ் ஸ்டேஷன் தோற்றது.

எடை 86 கிலோ. தூக்கம் அஞ்சு மணி நேரம். குறட்டை? "ரூம்மேட் மாறிப் போயிட்டான் டாக்டர்." சனிக்கிழமை பீர். எத்தனை என்றதற்கு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். முதுகு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வாங்கி, வாரத்தில் நாலு நாள் போடுகிற வலி மாத்திரை. "அதுவே பி.பி.யை ஏத்தும். ஜிம்முக்குப் போறதுக்கு முன்னாடி குடிக்கிற பவுடர் இருக்கா? அதையும் கொண்டா, பார்க்கறேன்."

அடுத்து உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் ஒரு டீஸ்பூன். இதில் சமையல் உப்பு, ஊறுகாய், அப்பளம், நாலு மணி மிக்சர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டப்பாவில் வருகிற ஃப்ரைடு ரைஸ் எல்லாம் அடக்கம். பையனின் ஒரு நாள் பட்டியலைச் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "வீட்டுச் சாப்பாட்டுல எவ்வளவு போடறாங்கன்னு தெரியும். பார்சல்ல எவ்வளவுன்னு அந்தக் கடைக்காரனுக்கே தெரியாது" என்றார்.

இங்கேயும் தமிழ் குறுக்கே நிற்கிறது. நம் ஊரில் ஒருவனுக்கு ரோஷம் இல்லை என்றால், "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறியா?" என்று கேட்போம். உப்பைக் குறை என்றால் மானத்தைக் குறை என்கிற மாதிரி கேட்கிறது. பையன் குறைத்தான். ஒரு வாரம் எல்லாமே ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருந்ததாம். மூன்றாவது வாரம் பழைய கடைச் சாம்பாரை வாயில் வைத்தவன், "இவ்வளவு கரிக்குமா இது?" என்று எனக்கு மெசேஜ் அனுப்பினான்.

ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அக்காவின் கேள்வியை நானே கேட்டேன், ஆரம்பித்தால் விட முடியாதாமே என்று. "பத்து கிலோ குறைச்சிட்டு வரட்டும். மாத்திரையைக் குறைக்கிறதைப் பத்தி உட்கார்ந்து பேசுவோம். ஆனா நார்மலாயிடுச்சுன்னு தானா நிறுத்தக் கூடாது. நார்மலா இருக்கிறதே மாத்திரையாலதான்" என்றார்.

பெண் பார்க்கிற நாள் வந்தது. காரில் போகும்போதே அக்கா, "பி.பி. பேச்சை எடுத்தே, தெரியும்" என்று என்னை எச்சரித்தாள். நான் எடுக்கவில்லை. பஜ்ஜியைத்தான் எடுத்தேன், ஒன்றே ஒன்று. பையன் அதுவும் எடுக்கவில்லை. அக்கா நாலு பஜ்ஜி, ரெண்டு காபி. பையனையும் பெண்ணையும் பேசிக்கொள்ளச் சொல்லி பால்கனிக்கு அனுப்பினார்கள். இருபது நிமிஷம் கழித்து வந்தார்கள். பெண் நேராகத் தன் அப்பாவிடம் போனாள்.

"அப்பா, உங்க பி.பி. மெஷினைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன். இவருக்கு சாயங்காலம் பார்த்து எழுதணுமாம்."

அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெண்ணின் அப்பா ஒரு நிமிஷம் பையனையே பார்த்தார். "எவ்வளவு நாளா?" என்றார். "மூணு மாசம் சார். மாத்திரை போடறேன்." "எந்த மாத்திரை?" சொன்னான். மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அதே மாத்திரை! "நான் இதை ஆரம்பிக்கும்போது வயசு நாற்பத்தெட்டு. அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் தெரியாம இருந்ததோ. நீங்க உஷார் தம்பி" என்றார்.

மெஷின் வந்தது. பையனை அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்கார வைத்து அளந்தார். 132/84. பிறகு உற்சாகம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பார்த்தார், தன் மனைவிக்குப் பார்த்தார். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் கையிலும் சுற்றினார். அஞ்சு நிமிஷம் பேசாமல் இருங்கள் என்றார். அக்கா அந்த அஞ்சு நிமிஷமும் தன் உடம்பில் ஒன்றும் கிடையாது என்பதை விளக்கிக்கொண்டிருந்தாள்.

174/98.

ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"பஜ்ஜி சாப்பிட்டதாலதான்" என்றாள் அக்கா.

"இருக்கலாம்மா" என்றார் பெண்ணின் அப்பா, பட்டையைப் பிரித்தபடி. "அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை பஜ்ஜி இல்லாம ஒரு தடவை வாங்க, மறுபடி பார்த்துடலாம்."

அது பி.பி.க்குச் சொன்னதா, சம்பந்தத்துக்குச் சொன்னதா என்று காரில் வீடு வந்து சேரும்வரை விவாதித்தோம். பையன் மட்டும் ஒன்றும் சொல்லாமல், போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.